துருவ ஒளி அல்ல, தளவிளைவுற்ற ஒளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம் நாசாவின் பேஸ் செயற்கைக்கோளைப் பற்றி வந்த ‘துருவ ஒளியில் தூசு தேடும் செயற்கைக்கோள்’ என்ற செய்தியைப் படித்தேன். காற்றில் மிதக்கும் தூசுக்கு அரைப் பக்கம் ஒதுக்க மனம் வந்ததற்கு முதலில் நன்றி. ஆனால் நான் 33 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். சிவப்பு மைப் பேனா இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. அந்தச் செய்தியில் இரண்டு இடங்களில் வட்டம் போட்டிருக்கிறேன்.

முதல் வட்டம் தலைப்பிலேயே. ‘துருவ ஒளி’ என்று எண்ணிப் பார்த்தால் ஏழு இடங்களில் வருகிறது. அன்று காலையிலேயே என் அக்கா போன் செய்தாள். “ஏண்டி, வட துருவத்துல ராத்திரி பச்சையா தெரியுமே, அந்த வெளிச்சத்தை வெச்சா நம்ம தலைக்கு மேல இருக்கிற புகையை அளக்கிறாங்க?” என்றாள். அக்கா மேல் தப்பில்லை. துருவ ஒளி என்றால் தமிழில் அதுதான். உங்கள் செய்தி சொல்ல வந்தது தளவிளைவுற்ற ஒளி. பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் அந்தச் சொல் பல ஆண்டுகளாக இருக்கிறது. இலங்கையில் படித்தவர்கள் முனைவாக்கம் என்பார்கள். இரண்டில் எதைப் போட்டாலும் சரி, பனிக்கரடி வாழும் இடத்துக்கு மட்டும் வாசகரை அனுப்பாதீர்கள்.

மொழிபெயர்த்தவருக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவும் வேண்டும். குழப்பம் ‘போலரைசேஷன்’ என்ற மூலச் சொல்லிலேயே இருக்கிறது. 1808-இல் பாரிஸில் மாலுஸ் என்ற ராணுவப் பொறியாளர், எதிரே இருந்த லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல்களில் பட்டுத் தெறித்த அந்திவெயிலை ஒரு கால்சைட் படிகத்தின் வழியே பார்த்தார். அந்தப் படிகத்தில் எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரியும். அதைச் சுழற்றச் சுழற்ற, இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்கி மற்றது பளிச்சிட்டது. ஒளி என்பது துகள்களின் ஓட்டம் என்று நம்பிய காலம் அது. காந்தத்துக்கு இருப்பதுபோல் ஒளித்துகளுக்கும் துருவங்கள் இருக்கின்றன போலும் என்று நினைத்துதான் மாலுஸ் அந்தப் பெயரை வைத்தார். 1812-இல், 36 வயதில் இறந்துபோனார். ஒளி ஒரு குறுக்கலை, அதாவது போகும் திசைக்குக் குறுக்கே அதிரும் அலை, அதன் அதிர்வு ஒரே தளத்தில் ஒழுங்காக அமைந்துவிடுவதுதான் இந்த விளைவு என்று பிரெனெல் விளக்கியது அதற்குப் பிறகுதான். ஐரோப்பிய மொழிகள் பழைய தப்பைச் சுமந்துகொண்டே நடக்கின்றன. நம் பாடநூல்காரர்கள் அந்த விளக்கத்தையே பெயராக வைத்தார்கள்: தளவிளைவு. நல்ல சொல் கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டுத் தப்பானதைத் தேடி மொழிபெயர்ப்பானேன்?

எனக்கே இந்தப் பாடம் மறந்துபோன ஒரு நாள் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கண்புரை அறுவைசிகிச்சை முடிந்து, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொண்டேன். மாடியில் நின்று செல்போனைப் பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. ஒரு படத்தைப் பெரிதாகப் பார்க்கலாமென்று பக்கவாட்டில் திருப்பினால் திரை கறுத்துப் போகிறது. போன் போய்விட்டது என்று நினைத்தேன். அடுத்த நொடி, கண்தான் போய்விட்டதோ என்று வயிற்றைக் கலக்கியது. பிறகுதான் உறைத்தது: கண்ணாடி தளவிளைவுக் கண்ணாடி, போன் திரையிலிருந்து வருவது தளவிளைவுற்ற ஒளி, இரண்டின் தளமும் குறுக்கே நின்றால் ஒன்றும் தெரியாது. இதைச் சொல்லும் மாலுஸ் விதியை எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேன்!

அதே கண்ணாடியோடு வானத்தையும் பார்த்தேன். வாசகர்களும் செய்து பார்க்கலாம். சூரியன் தொடுவானத்தை ஒட்டி இருக்கும் நேரத்தில், சூரியனைப் பார்க்காமல், நேர் உச்சியைப் பாருங்கள். கண்ணாடியைக் கையில் பிடித்துக் கண்முன்னே மெல்லச் சுழற்றுங்கள். வானம் இருண்டு, வெளுத்து, மறுபடி இருளும். சூரிய ஒளி காற்றின் மூலக்கூறுகளில் பட்டுச் செங்குத்தாகச் சிதறும்போது தளவிளைவு அடைகிறது. இதை அராகோ 1809-இல் கண்டார், ராலே 1871-இல் காரணம் சொன்னார். தேனீக்குக் கண்ணாடியே வேண்டாம். வானத்தின் இந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் அது வழி கண்டுபிடிக்கிறது என்று பிரிஷ் 1949-இல் காட்டினார்.

தூய வானத்தில் உச்சியிலிருந்து வரும் ஒளியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தளவிளைவுற்றது. புகைமூட்டமான நாளில் அந்த இருள் அவ்வளவு அழுத்தமாக விழாது. ஓய்வுக்குப் பிறகு வேலையில்லாமல், ஒரு பழைய நோட்டின் பின்பக்கங்களில் வானத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு வருகிறேன். மழை கழுவிவிட்ட மறுநாள் 8. எங்கோ காய்ந்த புல் எரிந்த ஒரு மாலையில் 3. என்னிடம் இருக்கும் கருவி ஒரு கண்ணாடியும், அதிக நேரம் அண்ணாந்தால் வலிக்கிற ஒரு கழுத்தும்தான். ஆனாலும் அந்த நோட்டு காற்றின் தூசை அளக்கிறது. செயற்கைக்கோள் செய்வதும் அடிப்படையில் இதுதான், அங்கிருந்து கீழ்நோக்கி.

இனி இரண்டாவது வட்டம். ‘தூசைப் படம் பிடித்து எவ்வளவு என்று சொல்லிவிடும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு என்பதைச் சாதாரணப் படக்கருவிகளும் ஓரளவு சொல்லிவிடுகின்றன. 1999-இல் போன டெர்ரா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவி பல ஆண்டுகளாக அந்த வேலையைத்தான் செய்தது. அது பார்ப்பது வெளிச்சத்தை. மேலிருந்து பார்த்தால் கடலுப்பும் வெளுப்பு, பாலைவனத் தூசும் வெளுப்பு, நிலக்கரி எரிவதால் உண்டாகும் சல்பேட்டும் வெளுப்பு. கரிப்புகை கொஞ்சம் கலந்திருந்தால் வெளுப்பு சற்று மங்கும், அவ்வளவுதான். போதாததற்குக் கீழே உள்ள மண்ணும் வெளிறியதாக இருந்துவிட்டால், பார்ப்பது தரையையா தூசையா என்றே சந்தேகம் வந்துவிடும்.

தளவிளைவு இங்கேதான் கைகொடுக்கிறது. மண்ணும் இலையும் திருப்பியனுப்பும் ஒளியில் தளவிளைவு குறைவு. நிறத்துக்கு நிறம் பெரிதாக மாறவும் மாறாது. ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய புகைத்துகள்களோ ஒளியை நன்றாகவே தளவிளைவு செய்யும், அதுவும் நிறத்தையும் கோணத்தையும் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். அதனால் சாதாரணப் படத்தில் பளிச்சென்று இருக்கும் தரை, தளவிளைவுப் படத்தில் அடங்கிப் பின்னால் போய்விடும், துகள்கள் முன்னால் வந்து நிற்கும். பாலைவனத் தூசு பெரியது, கோணல்மாணலானது. அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். கோணத்துக்குக் கோணம் ஒளி எப்படி மாறுகிறது என்பதிலிருந்து துகளின் ஒளிவிலகல் எண்ணையே, அதாவது அது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதையே, பிடித்துவிடலாம். நீருக்கு 1.33, சல்பேட்டுக்குச் சுமார் 1.44, கரிக்கு அதைவிட வெகு அதிகம். ஒளிவிலகல் எண் தெரிந்தால் பொருள் இன்னதாக இருக்கும் என்று ஊகிக்கலாம். ஆசிரியர் அவர்களே, எவ்வளவு தூசு என்பதோடு நிற்காமல் என்ன தூசு என்று கேட்க முடிகிறதே, உங்கள் செய்தியில் விடுபட்ட சேதி அதுதான்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை வெள்ளிக் கோளின் மேகங்கள். அவை எதனால் ஆனவை என்று வெகுகாலம் யாருக்கும் தெரியாது. 1920-களிலேயே லியோ என்ற பிரெஞ்சு வானியலாளர் தொலைநோக்கியோடு தளவிளைவு மானியைப் பொருத்தி, வெள்ளி சூரியனைச் சுற்றிவரும்போது அதன் ஒளி கோணத்துக்குக் கோணம் எப்படி மாறுகிறது என்று குறித்து வைத்தார். அந்த வளைவரையையும் பின்னால் வந்த அளவீடுகளையும் வைத்துக்கொண்டு 1974-இல் ஹேன்சனும் ஹோவனியரும் கணக்குப் போட்டார்கள். மேகத்துளிகள் உருண்டையானவை, ஆரம் ஏறக்குறைய 1.05 மைக்ரான், ஒளிவிலகல் எண் 1.44 என்று விடை வந்தது. அதற்குப் பொருந்தியது அடர் கந்தக அமிலம். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு மேகத்தை, தொடாமல், முகராமல், அமிலம் என்று சொல்லிவிட்டார்கள். 1988-இல் அமெரிக்க செனட் குழுவின் முன் புவி சூடாகிறது என்று சாட்சி சொன்னாரே, அதே ஹேன்சன்தான் இவர்.

நம்மவர்கள் பங்கும் இதில் உண்டு. 1921-இல் இங்கிலாந்திலிருந்து ‘நார்குண்டா’ கப்பலில் திரும்பிய சி.வி. ராமன், கையில் வைத்திருந்த நைகோல் பட்டகத்தை (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம்) சுழற்றிக் கடலின் மேற்பரப்புப் பளபளப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு போன பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அதிலிருந்து அறிந்தார். ஒளி ஒருமுறைக்குப் பல முறை சிதறினால் தளவிளைவு என்னவாகும் என்ற கடினமான கணக்கை 1940-களில் தீர்த்தவர் அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர். இன்றைக்கும் செயற்கைக்கோள் தரவுகளைப் பிரிக்கும் கணினி நிரல்களின் அடியில் அந்தச் சமன்பாடுதான் இருக்கிறது. சித்தப்பா பட்டகத்தைச் சுழற்றினார், பிள்ளை கணக்கைப் போட்டார். இதை வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

கருவிகளின் வரலாறு இவ்வளவு இனிமையானதல்ல. பிரான்சின் போல்டர் கருவி 1996-இல் ஜப்பானின் அடியோஸ் செயற்கைக்கோளில் ஏறிப் போனது. ஒரு சக்கரத்தில் நிறவடிகட்டிகளும், 60 பாகைக்கு ஒன்றாகத் திருப்பி வைத்த மூன்று தளவிளைவு ஆக்கிகளும். சக்கரம் சுற்றும், படம் விழும். நான் கண்ணாடியைச் சுழற்றுவதற்கும் அதற்கும் தத்துவத்தில் வேறுபாடு இல்லை. 1997 ஜூனில் தாய்ச் செயற்கைக்கோளின் மின்சாரம் போனது, கருவியும் போனது. இரண்டாவது போல்டர் 2002 டிசம்பரில் அடியோஸ்-2-இல் போனது. 2003 அக்டோபரில் அதற்கும் அதே கதி. 2004 டிசம்பரில் அதே வகைக் கருவியோடு போன பாரசால் செயற்கைக்கோள்தான் 2013 வரை தாக்குப்பிடித்து உலகத்துக்குத் தரவு தந்தது.

அமெரிக்கர்கள் 2011 மார்ச் 4 அன்று குளோரி என்ற செயற்கைக்கோளை அனுப்பினார்கள். அதில் இருந்த தளவிளைவு மானி போல்டரைவிடப் பல மடங்கு துல்லியமாக அளக்கும்படி செய்யப்பட்டது. ராக்கெட்டின் முகப்புக் கவசம் பிரியவில்லை. அந்தச் சுமையோடு சுற்றுப்பாதைக்கு ஏறப் போதிய வேகம் கிடைக்காமல் எல்லாம் கடலில் விழுந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே வகை ராக்கெட், அதே கோளாறினால், கரியமில வாயுவை அளக்க வேண்டிய இன்னொரு செயற்கைக்கோளையும் கடலுக்குக் கொடுத்திருந்தது. செய்தியைப் படித்த அன்று எனக்குப் பாடம் நடத்தவே மனம் வரவில்லை. ஆய்வகத்தில் ஒரு பட்டகம் கை தவறி விழுந்தாலே பதறுகிறவர்கள் நாங்கள்.

அதனால்தான் 2024 பிப்ரவரி 8 அன்று பேஸ் செயற்கைக்கோள் ஒழுங்காக மேலே போய்ச் சேர்ந்ததை நீங்கள் எழுதியிருப்பதைவிடக் கொண்டாட்டமாக எழுதியிருக்கலாம். அதில் தளவிளைவு மானிகள் இரண்டு. நீங்கள் ‘நாசாவின் கேமரா’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஹார்ப்-2 அமெரிக்காவின் மேரிலாந்து பால்டிமோர் கவுன்டி பல்கலைக்கழகத்தில் செய்தது. ஸ்பெக்ஸ்ஒன் நெதர்லாந்தில் செய்தது. ஹார்ப்-2 சுமார் 1,500 கிலோமீட்டர் அகலத்தை ஒரே வீச்சில் பார்க்கும். ஸ்பெக்ஸ்ஒன் பார்ப்பது 100 கிலோமீட்டர் அகலப் பட்டை மட்டுமே, ஆனால் மிக நுணுக்கமாக, ஐந்து கோணங்களில். சுழலும் பாகம் எதுவும் அதில் கிடையாது. தளவிளைவை நிறமாலையின் மேல் அலையலையாகப் பதிய வைத்துப் படித்துவிடும் தந்திரம். 2025 ஆகஸ்டில் ஐரோப்பாவின் புதிய மெட்டாப் வானிலைச் செயற்கைக்கோளும் 3எம்ஐ என்ற தளவிளைவு மானியோடு போயிருக்கிறது.

மேகத்துக்கு வருகிறேன். இங்கே சிவப்பு வட்டம் எனக்கே.

மேகத்துக்குள் ஒளி எண்ணற்ற முறை மோதிச் சிதறுவதால் அதன் தளவிளைவு முழுவதும் அழிந்துவிடும் என்றுதான் பல ஆண்டுகள் நடத்தினேன். முக்கால்வாசி சரி. 1990-களில் ஒருநாள் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “டீச்சர், காலையில பனிமூட்டத்துல வெள்ளையா ஒரு வானவில் பார்த்தேன். நிறமே இல்ல” என்றான். வகுப்பு சிரித்தது. வானவில் என்றால் நிறம் பிரிய வேண்டும், வெள்ளையாக இருக்காது, உட்கார் என்றேன். உட்கார்ந்துவிட்டான். அவன் பார்த்தது உண்மை. மழைத்துளி பெரியது, நிறங்களைத் தெளிவாகப் பிரிக்கும். பனிமூட்டத்தின் துளி மிக நுண்ணியது என்பதால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று கலந்து வெண்மையாகிவிடும். மேகத்தின் துளியும் அதே அளவுதான். ஆகவே மேகத்தின் மேலும் வில் உண்டு. சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்கையில், நம் நிழல் விழும் திசையைச் சுற்றிச் சுமார் 40 பாகை தள்ளி அது அமையும்.

சாதாரணப் படத்தில் அந்த வில் மேகத்தின் பளபளப்பில் அமுங்கிவிடும். தளவிளைவுப் படத்தில் தெளிவாக எழும்பும். காரணம் எளிது: ஆழத்தில் போய்ப் பலமுறை சிதறிய ஒளி தளவிளைவை இழந்துவிடுகிறது; மேல்தோலில் ஒரே முறை பட்டுத் திரும்பிய ஒளி அதைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறது. அந்த வில்லையும் அதன் அருகில் விழும் மெல்லிய வரிகளையும் அளந்தால், வரிகளின் இடைவெளியிலிருந்து மேகத்துளியின் ஆரம் மைக்ரான் கணக்கில் வந்துவிடும். ஹார்ப்-2 சிவப்பு நிறத்தில் மட்டும் 60 கோணங்களில் பார்ப்பதே இந்த வரிகளைத் தவறவிடாமல் இருக்கத்தான். பனிப்படிக மேகத்தில் வில் கிடையாது. ஆக வில் இருந்தால் மேலே நீர், இல்லையென்றால் பெரும்பாலும் பனி. மேகத்துக்கு மேலே புகை மிதந்தால் வில் மங்கும். ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரைக்கு அப்பால், தாழ்ந்த மேகங்களின் மேல் காட்டுத்தீப் புகை படர்ந்திருப்பதைப் பாரசால் இப்படித்தான் காட்டிக்கொடுத்தது. என் மாணவனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேலிருக்கும். இதைப் படிக்க நேர்ந்தால்: தம்பி, நீ பார்த்தது சரி, நான் சொன்னது தப்பு.

துளியின் அளவு தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று அக்கா கேட்டாள். நீராவி குளிர்ந்து துளியாக ஒரு துகள் வேண்டும். காற்றில் துகள் கூடினால், இருக்கிற நீரையே அதிகத் துளிகள் பங்கிட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றும் சிறிதாகும், மேகம் வெளுப்பாகும், வெயிலைக் கூடுதலாகத் திருப்பியனுப்பும். டூமி என்பவர் 1970-களில் இதை நிறுவினார். அதாவது நம் புகை ஒருபுறம் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டே மறுபுறம் பூமி சூடாவதைக் கொஞ்சம் மறைத்தும் வந்திருக்கிறது. எவ்வளவு மறைத்தது? காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐபிசிசி 2021-இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். 1750-இலிருந்து 2019 வரை சேர்ந்த கரியமில வாயுவின் சூடாக்கம் சதுர மீட்டருக்கு 2.16 வாட். தூசுகளின் குளிர்விப்பு 1.1 வாட், ஆனால் அது 0.4 முதல் 1.7 வரை எதுவாகவும் இருக்கலாம் என்கிறார்கள். ஒரு விடைத்தாளில் இப்படி எழுதினால் நான் மதிப்பெண் தரமாட்டேன். அவர்கள் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் இத்தனை கருவிகளும் மேலே போகின்றன.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். செய்தியோடு வந்த வண்ணப் படத்துக்குக் கீழே, ‘நீங்கள் சுவாசிக்கும் தூசு’ என்று போட்டிருந்தீர்கள். செயற்கைக்கோள் பார்ப்பது தரையிலிருந்து வானம்வரை உள்ள மொத்தத் தூண். மூன்று கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோகும் புகை படத்தில் சிவப்பாக இருக்கும், கீழே மூக்குக்கு எட்டாமலே போகலாம். சூரிய ஒளியை நம்பும் கருவி இரவில் அளக்காது. கனத்த மேகத்துக்கு அடியில் இருப்பதும் அதற்குத் தெரியாது. தரையில் வைத்த மானிகளோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. ‘துருவ ஒளி’ என்று வந்த இடங்களில் ‘தளவிளைவுற்ற ஒளி’ என்று வாசிக்கவும் என ஒரு திருத்தம் வெளியிடுங்கள். திருத்தங்களை நீங்கள் வழக்கமாகப் போடும் அந்தப் பொடி எழுத்து மூலையே போதும். அக்காவுக்கு நான் படித்துக் காட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை

பி.கு.: வானத்தைப் பார்க்கக் கிளம்பும் வாசகர்கள், தங்கள் கறுப்புக் கண்ணாடி தளவிளைவுக் கண்ணாடிதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும். கால்குலேட்டரின் திரைக்கு முன்னே பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால், ஏதாவது ஒரு கோணத்தில் எண்கள் இருளில் மறைய வேண்டும். மறையவில்லையென்றால் அது வெறும் கறுப்புக் கண்ணாடி. எதுவானாலும் அதன் வழியே சூரியனை நேரே பார்க்கவே கூடாது.